வசூல் கூலியும் எங்கள் தலையிலா? வங்கியாளர் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுமத்தின் தலைவருக்கும், உறுப்பு வங்கிகளின் பொது மேலாளர்களுக்கும்,

“கடன் ஒப்பந்தப்படி வசூல் தொடர்பான அனைத்துச் செலவுகளும் கடன்தாரரையே சாரும்.”

என் தம்பியின் கல்விக் கடன் கணக்கில் ஏறியிருக்கும் கட்டணங்களுக்கு விளக்கம் கேட்டு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு, உங்கள் உறுப்பு வங்கி ஒன்றின் கிளையிலிருந்து வந்த பதில் இந்த ஒற்றை வரிதான். எந்த ஒப்பந்தம், அதில் எந்தப் பிரிவு, என்ன செலவு, யாருக்குக் கொடுத்தது, ரசீது எங்கே என்று ஒன்றுமே இல்லை. கீழே முத்திரை மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

கிளை மேலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் மேலிடத்திலிருந்து வருவதைத்தான் செய்கிறார். நாம் ஒருவரிடம் எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. தவிர, இது ஒரு கிளையோடு நிற்கிற விஷயமும் இல்லை. வங்கிகள் எல்லாம் மாநில அரசோடு ஒரே மேசையில் உட்காருவது உங்கள் கூட்டத்தில்தான் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். பற்று வரவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. தம்பியின் கணக்கை வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ளவர்கள் கொண்டுவந்து கொடுத்த பாஸ்புக்குகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் இதில் உள்ள எந்தத் தொகையும் குத்துமதிப்பு இல்லை.

2013இல் தம்பி பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தான். அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் வேலை. ஆண்டுக்கு 65,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 2,60,000 ரூபாய் கடன். 4 லட்சத்துக்குள் என்பதால் அடமானம் கேட்கவில்லை. உள்நாட்டுப் படிப்புக்கு பிராசசிங் கட்டணமும் வாங்கவில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் சொல்வது அதுதான். வங்கியும் அதை மதித்தது. அந்தக் கடனைக் கொடுக்க ஒரு பைசா கட்டணம் வாங்காத வங்கி, திரும்ப வாங்கத்தான் விதவிதமாகக் கட்டணம் போடுகிறது.

2017இல் படிப்பு முடிந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் டிரெய்னி, சம்பளம் 11,000. ரூம் வாடகை, மெஸ் போக மிஞ்சியதில் 5,300 ரூபாய் தவணை கட்ட வேண்டும். முடிந்த மாதம் கட்டினான், முடியாத மாதம் பாதி அனுப்பினான். கொரோனாவில் அந்த வேலையும் போனது. 2021 தொடக்கத்தில் கணக்கு ஒரு வசூல் ஏஜென்சியின் கைக்குப் போனது. அதை வங்கி எங்களுக்குச் சொல்லவில்லை; ஏஜென்சிக்காரர் போன் செய்துதான் தெரியும். எந்த ஏஜென்சியிடம் கணக்கு போகிறது என்பதை வங்கி முன்கூட்டியே கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சொல்லியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

2022 பொங்கலுக்கு முந்தைய வாரம் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 15,000 ரூபாயைத் தம்பி தன் போனிலிருந்தே கடன் கணக்குக்கு அனுப்பினான். ஸ்டேட்மென்டில் வரவு 15,000. அதே தேதியில் அடுத்த வரியில் பற்று 2,655. விவரம் என்ற இடத்தில் யாருக்கும் புரியாத நான்கு எழுத்துச் சுருக்கம். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா, வகுத்துப் பார்த்தேன். 15,000க்கு 15 சதவீதம் 2,250. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 405. கூட்டினால் 2,655. பின்னால் போய்ப் பார்த்தால் 5,000 கட்டிய மாதம் எல்லாம் 885. அதுவும் அதே கணக்குதான்.

ஆக இது ஏஜென்ட் கமிஷன். நாங்கள் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 17 ரூபாய் 70 பைசா கடனைத் தொடாமலேயே வெளியே போயிருக்கிறது. அந்த 15,000ஐச் சீட்டில் தள்ளி எடுத்தது அம்மா, அனுப்பியது தம்பி. அந்த மாதம் ஏஜென்ட் எங்கள் வீட்டுப் பக்கம் வரவும் இல்லை, போன் செய்யவும் இல்லை. கமிஷன் மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த 405 ரூபாய் ஜிஎஸ்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வசூல் ஏஜென்ட் வங்கிக்குச் செய்யும் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறை. அதாவது வரி கட்ட வேண்டியவர் ஏஜென்ட் இல்லை, சேவையைப் பெற்றுக்கொண்ட வங்கி. அந்தச் சேவையைப் பெற்றது வங்கிதான் என்று வரிச் சட்டமே சொல்கிறது. அதற்கு விலையும் வரியும் கொடுப்பது மட்டும் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியா?

இன்னொரு வரி. தேதி 2021 மே 28. ‘இடப் பார்வைக் கட்டணம்’ 590 ரூபாய். உங்களில் பலருக்கு அந்த வாரம் நினைவிருக்கும். மே 24 முதல் தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. மளிகைக் கடையே திறக்கவில்லை. காய்கறி வண்டி தெருவுக்கு வந்தால்தான் உண்டு. எங்கள் தெருவில் போலீஸைத் தவிர வெளியாள் யாரும் நடமாடவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் போன அந்த மகானுபாவர் யார் என்று கடிதத்தில் கேட்டிருந்தேன். அதற்கும் பதில் மேலே சொன்ன அதே வரிதான்.

ஏஜென்சி கைக்குக் கணக்கு போனபின் நாங்கள் கட்டியது 1,10,000 ரூபாய். அதில் கமிஷனும் அதன் ஜிஎஸ்டியும் 19,470. நோட்டீஸ் செலவு, பார்வைக் கட்டணம் எல்லாம் தனியாக இன்னும் ஒரு ஒன்பதாயிரம் சொச்சம். இவை பற்று வைக்கப்பட்ட நாளிலிருந்து கடன் பாக்கியோடு சேர்ந்து அவற்றுக்கும் 12 சதவீத வட்டி ஓடுகிறது. நாங்கள் அடுத்து கட்டும் பணம் முதலில் கட்டணத்துக்கு, பிறகு வட்டிக்கு, மிச்சமிருந்தால் அசலுக்கு. மிச்சம் இருப்பதில்லை. வாங்கியது 2,60,000. தொடக்கத்திலிருந்து கட்டியது 2,12,000. இன்றைய பாக்கி 3,41,000க்கு மேல். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கச் சொன்னால் எத்தனை நாள் சுமப்பான் ஒருவன்?

அபராத வட்டிக் கதை வேறு. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சுற்றறிக்கை விட்டது. தவணை தவறினால் அபராதத்தை வட்டி விகிதத்தில் ஏற்றக்கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும். அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. நினைவூட்டல் அனுப்பும்போதே எவ்வளவு அபராதம் என்று சொல்ல வேண்டும். பழைய கடன்களையும் 2024 ஜூன் 30க்குள் இந்த முறைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். தம்பியின் கணக்கில் அதற்குப் பின் என்ன மாறியது? பெயர் மாறியது. ‘அபராத வட்டி’ என்றிருந்த இடத்தில் ‘அபராதக் கட்டணம்’ என்று வருகிறது. அதன் மேல் வட்டி பழையபடியே ஓடுகிறது. இந்த அபராதங்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று மறைமுக வரிகள் வாரியம் 2025 ஜனவரி 28 அன்று சுற்றறிக்கை விட்ட பிறகும், அந்த ஆண்டு மார்ச்சில் அபராதத்தோடு வரி சேர்த்து எடுத்திருக்கிறார்கள். சுற்றறிக்கைகள் மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கிளம்புகின்றன. திண்டுக்கல் கிளையின் மென்பொருளுக்கு மட்டும் வந்து சேருவதில்லை.

எங்கள் வீட்டோடு முடிந்தால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு மனு போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, மகளின் நர்சிங் படிப்புக்காகக் கடன் வாங்கியவர். மகள் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஏஜென்சியிலிருந்து அந்த மருத்துவமனை அலுவலகத்துக்கே போன் போட்டு, “உங்க ஸ்டாஃப் பேங்க் லோன் கட்டாம ஏமாத்திட்டிருக்காங்க, தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். கடன்தாரரை ஊரறிய அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைப்பது இவை எல்லாம் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை. அந்த அக்கா கடைசியில் வளையலை விற்றுக் கட்டினார். கட்டிய பணத்திலும் அதே 17.7 சதவீதம் போனது. மகளை அவமானப்படுத்திய போன் காலுக்குக் கூலி கொடுத்ததும் அவர்தான்.

இன்னொருவர் எங்கள் பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலி. மகன் டிப்ளமா கடன். இவர் இணைக் கடன்தாரர் என்பதால், அதே வங்கியில் நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் சேமிப்புக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அவரிடம் அவ்வப்போது ஒரு தாளில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. கடன் ஒப்புகைக் கடிதம் அது. மூன்றாண்டுக் காலவரம்பு முடிந்துவிடாமல் கடனை உயிரோடு வைத்திருக்க வாங்குவது. வாங்கட்டும், சட்டம் அனுமதிக்கிறது. அதில் எழுதியிருந்த தொகைக்குள் எத்தனை ரூபாய் கட்டணம் ஒளிந்திருந்தது என்று கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். நீங்கள் கொடுத்தது பொதுமக்களின் டெபாசிட் பணம். திரும்ப வந்தால்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியும். வசதி இருந்தும் கட்டாதவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேரைத் தெரியும். 2021 தேர்தலில் கல்விக் கடன் தள்ளுபடி என்று கட்சிகள் சொன்னதை நம்பிக் கட்டுவதை நிறுத்தியவர்களும் உண்டு. அவர்கள் ஏமாந்ததற்கு வங்கி பொறுப்பில்லை. நான் தள்ளுபடி கேட்கவில்லை. அசலையும் நியாயமான வட்டியையும் கட்டுவது எங்கள் கடமை. கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதில்தான் தகராறு.

அப்புறம், தவறுக்கு அபராதம் என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். 2009-10 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியையும் அதன் பிறகு தவணை தொடங்கும்வரை உள்ள சலுகைக் கால வட்டியையும் அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். கிளை கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா ஒவ்வோர் ஆண்டும் தாசில்தார் ஆபீசில் வருமானச் சான்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்குக் கிளை கேட்கவே இல்லை. கேட்காமல் விட்ட வட்டி, தவணை தொடங்கிய நாளில் அசலோடு சேர்ந்துவிட்டது. இன்றுவரை அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் ஒரு மாதம் தவறினால் நோட்டீஸ் செலவு 1,180. வங்கி இரண்டு ஆண்டு தவறியதற்கு யாருடைய கணக்கில் எவ்வளவு பற்று வைத்தீர்கள்?

ஒப்பந்தம் என்கிறீர்கள். பல பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில், கடன் கிடைத்தால்தான் கல்லூரியில் சீட்டு என்ற நிலையில் இருந்த ஒரு பையனும் அவன் அப்பாவும், பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். அதன் நகலைக் கடன்தாரருக்குக் கட்டாயம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. எங்களுக்கு இன்றுவரை தரவில்லை. சரி, அதில் “வசூல் செலவு கடன்தாரரைச் சாரும்” என்றே இருக்கட்டும். செலவு என்றால் உண்மையில் ஆன செலவு. அதற்கு ஒரு பில் இருக்க வேண்டும், அந்த வேலை நடந்திருக்க வேண்டும். தானாகக் கட்டிய பணத்தில் சதவீதம் அடித்து எடுப்பது செலவுக் கணக்கில் வராது. எங்கள் ஆபீசில் ஒரு கிளையண்ட் இப்படி பில் இல்லாத செலவைக் கொண்டுவந்தால், எங்கள் ஆடிட்டர் அதைத் தொடக்கூட மாட்டார்.

2016 ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை விட்டார். அவருடைய கல்விக் கடனை வங்கி ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கைமாற்றியிருந்தது. வசூல் நெருக்கடிதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. அப்போதுதான் கல்விக் கடன்களை மொத்தமாக, பாக்கியில் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்ற செய்தி எங்கள் பக்கம் பலருக்குத் தெரிந்தது. வெளியாருக்குப் பாதி விலைக்குக் கொடுக்க மனம் வந்த வங்கி, அதே தள்ளுபடியைப் படித்த பிள்ளையிடம் முதலில் பேசிப் பார்க்கவில்லை. ஒரே தவணையில் முடித்துக்கொள் என்று இப்போது சில கிளைகள் சொல்கின்றன. முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று, அதாவது முழுதும் கட்டாமல் முடித்த கணக்கு என்று விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வங்கி வண்டிக் கடன்கூடக் கொடுப்பதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

முதலாவதும் முக்கியமானதும்: கல்விக் கடன் கணக்குகளில் ஏஜென்ட் கமிஷனைக் கடன்தாரர் தலையில் கட்டுவதை உறுப்பு வங்கிகள் அனைத்தும் உடனே நிறுத்த வேண்டும். ஏஜென்சியை வேலைக்கு வைத்தது வங்கி, கூலியும் வங்கியே கொடுக்கட்டும். இதுவரை எடுத்ததை, அதன் மேல் போட்ட வட்டியோடு, அசலில் வரவு வையுங்கள். நோட்டீஸ், பார்வை போன்ற மற்ற கட்டணங்களுக்கு பில்லும் தேதியும் வந்தவர் பெயரும் காட்ட முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

வாராக் கடனான கல்விக் கடன் கணக்குகளில், கட்டும் பணம் முதலில் அசலுக்குப் போக வேண்டும் என்று குழுமத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். 2023 சுற்றறிக்கைப்படி அபராதங்கள் சரிசெய்யப்பட்டனவா என்று ஒவ்வொரு வங்கியும் கிளைவாரியாகச் சரிபார்த்து, அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் அறிக்கை வைக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, வட்டியையும் கட்டணங்களையும் ஒரே இடத்தில் எழுதிக் கொடுக்கும் முக்கிய விவர அறிக்கை கட்டாயம். அதில் சொல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் ஒப்புதல் இல்லாமல் வாங்க முடியாது. அதே பாதுகாப்பைப் பழைய கல்விக் கடன்களுக்கும் நீங்களாகவே கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

வட்டி மானியம் கேட்காமல் விடப்பட்ட கணக்குகளைத் தேடி எடுத்து, அந்த வட்டியை வங்கி ஏற்க வேண்டும். கணக்கில் புகார் நிலுவையில் இருக்கும்வரை அதை ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாது என்ற விதி ஏற்கனவே இருக்கிறது, அதைக் கடைப்பிடியுங்கள். நூறு நாள் வேலைச் சம்பளக் கணக்குகளை விட்டுவிடுங்கள். கடனை வெளியே விற்பதாக இருந்தால், அதே விலையை முதலில் கடன்தாரருக்குச் சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் கலெக்டர் தலைமையில் கல்விக் கடன் முகாம் போடுகிறீர்கள். ஆணை வழங்கும் படம் மறுநாள் பேப்பரில் வருகிறது, நல்லதுதான். அதே மண்டபத்தில், அதே பந்தலில், கணக்குச் சரிபார்ப்பு முகாம் ஒன்றும் போடுங்கள். கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஸ்டேட்மென்டோடு வரட்டும். ஒவ்வொரு பற்றுக்கும் விளக்கம் சொல்ல அதிகாரம் உள்ள ஒருவரை உட்காரவையுங்கள். திண்டுக்கல்லில் போட்டால் கணக்கு வாசித்துக் காட்ட நானும் வருகிறேன்.

தம்பி தவணையை நிறுத்தமாட்டான். இனி அனுப்பும் ஒவ்வொரு தொகையோடும் “அசலுக்கும் வட்டிக்கும் மட்டும், கமிஷனுக்கு இல்லை” என்று எழுத்தில் குறிப்பு வரும். அதற்குக் கிளை என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த மடலின் நகலைக் கணக்கு விவரங்களோடு சம்பந்தப்பட்ட வங்கியின் மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். பதிலைத் தமிழில், எழுத்தில், ஒவ்வொரு பற்று வரிக்கும் தனித்தனியாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடன்தாரரின் அக்கா,
திண்டுக்கல்